தாஸ்மானியப் பழங்குடி மக்கள்

தாஸ்மானியப் பழங்குடி மக்கள் எனப்படுவோர் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கே அமைந்துள்ள தாஸ்மானியத் தீவின் முதற்குடி மக்கள் ஆவர். இவர்கள் இன்று தம்மைப் பலவா என்றும் பக்கானா என்றும் அழைத்துக்கொள்கின்றனர். தீவின் பெயரை லுட்ருவிட்டா என்கின்றனர். ஏறத்தாழ 40,000 ஆண்டுகளாக இத்தீவில் மனிதர் வாழ்ந்து வந்துள்ளனர் என்பதைத் தொல்லியல் சான்றுகள் காட்டுகின்றன. 1803 ஆம் ஆண்டில் பிரித்தானியர் இங்கு குடியேறத் தொடங்கினர். அடுத்த முப்பது ஆண்டுகளுக்குள் இம்மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டோ, நோயுற்று இறந்தோ, நாடு கடத்தப்பட்டோ மறைந்தனர்.

1876 ஆம் ஆண்டில் ட்ருகனினி என்னும் பெண் இறந்தபோது, தாஸ்மானிய இனம் அவருடன் முற்றாக அழிந்துவிட்டது எனக் குடியேற்ற நாட்டு அரசும் அறிஞர்களும் அறிவித்தனர். இக்கூற்று நூறாண்டுக்கும் மேலாகப் பாடநூல்களிலும் கலைக்களஞ்சியங்களிலும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. ஆனால் இது உண்மையன்று. அவர் இறந்த நாளில் பாஸ் நீரிணைத் தீவுகளிலும் தாஸ்மானியாவின் தென்பகுதியிலும் இம்மக்களின் வழித்தோன்றல்கள் வாழ்ந்துகொண்டிருந்தனர். இன்றும் வாழ்கின்றனர். ஒரு மக்களினம் உயிரோடிருக்கும்போதே அது இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டதனால், அவர்கள் நிலத்தையும் மூதாதையரின் எலும்புகளையும் கேட்பதற்கு முன், தாம் இருப்பதையே மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று.

தீவும் மக்களும்

கடைசிப் பனியூழிக் காலத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தபோது தாஸ்மானியா ஆஸ்திரேலியப் பெருநிலத்துடன் இணைந்திருந்தது. மக்கள் அந்நிலப்பாலத்தின் வழியாக நடந்தே தெற்கே வந்தனர். பனி உருகிக் கடல் உயர்ந்தபோது, ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன், பாஸ் நீரிணை உருவாகித் தீவு தனித்துப் போனது. நீரிணையின் அகலம் ஏறத்தாழ 240 கிலோமீட்டர் ஆகும். அதன் பின் ஐரோப்பியக் கப்பல்கள் வரும்வரை இத்தீவு மக்களுக்கும் வெளியுலகுக்கும் தொடர்பு இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. மனித வரலாற்றில் இவ்வளவு நீண்ட காலம் தனித்து வாழ்ந்த மக்கள் வேறு எவரும் அறியப்படவில்லை.

தென்மேற்கு மழைக்காட்டில் உள்ள குட்டிக்கினா குகையில், பனியூழியின் கடுங்குளிர்க் காலத்தில் மனிதர் தங்கி வாலபி விலங்குகளை வேட்டையாடி உண்டதற்கான எலும்புகளும் கற்கருவிகளும் பெருமளவில் கிடைத்துள்ளன. அக்காலத்தில் உலகில் இவ்வளவு தெற்கே வாழ்ந்த மனிதர் இவர்களே எனக் கருதப்படுகிறது.

ஐரோப்பியர் வந்தபோது தீவின் மக்கள்தொகை எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 3,000 முதல் 15,000 வரை மதிப்பீடுகள் உள்ளன. மக்கள் ஒன்பது பெரும் பிரிவினராக வாழ்ந்தனர் என வரலாற்றாசிரியர் கொள்வர். கிளிஞ்சல், நண்டு, நீர்நாய், கங்காரு, பறவை முட்டை ஆகியன முக்கிய உணவாக இருந்தன. பெண்கள் கடலில் மூழ்கிச் சிப்பிகளை எடுப்பதில் வல்லவர்கள். மரப்பட்டைகளையும் நாணலையும் கட்டி ஓடங்கள் செய்தனர். காலந்தோறும் புல்வெளிகளுக்குத் தீ வைத்துப் புதுப்புல் தளிர்க்கச் செய்தனர். இதனால் கங்காருக்கள் அங்கு மேய வந்தன. இப்பழக்கத்தை இங்குக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பிற்காலத்தில் ஆங்கிலேயர் இயற்கையாக அமைந்த மேய்ச்சல் நிலம் என்று எண்ணி ஆடுகளை ஓட்டிச் சென்ற வெளிகள் பல இம்மக்கள் தீயினால் உருவாக்கிப் பேணியவையே.

இவர்களின் கருவிகள் எளியனவாக இருந்ததைக் கொண்டு, 19 ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்கள் இவர்களை மனித வளர்ச்சியின் அடிமட்டத்தில் வைத்தனர். தீவின் குளிருக்கும் உணவு வளத்துக்கும் அக்கருவிகள் போதுமானவையாக இருந்தன என்பதை அவர்கள் கருத்தில் கொள்ளவில்லை.

முதல் ஐரோப்பியர்

1642 ஆம் ஆண்டில் டச்சு மாலுமி ஆபெல் தாஸ்மான் இத்தீவைக் கண்டு, பத்தாவியாவில் இருந்த டச்சு ஆளுநரின் பெயரால் வான் டீமன் நிலம் எனப் பெயரிட்டார். அவர் மக்கள் எவரையும் சந்திக்கவில்லை. முதல் சந்திப்பு 1772 ஆம் ஆண்டில் பிரெஞ்சு மாலுமி மரியோன் டியூ பிரெஸ்னேயின் குழுவுடன் நிகழ்ந்தது. அது மோதலில் முடிந்து ஒரு பழங்குடி மனிதர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் 1793 இல் தெற்கே ரெஷெர்ஷ் குடாவில் தங்கிய தாந்த்ரகாஸ்தோவின் பிரெஞ்சுக் குழு இம்மக்களுடன் நட்பாகப் பழகியது. நிலம் தேவைப்படாதவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே சண்டைக்குக் காரணம் இருக்கவில்லை.

நிலத்தை நாடாத வேறு ஒரு கூட்டமும் 1798 முதல் பாஸ் நீரிணைக்கு வந்தது. இவர்கள் நீர்நாய்த் தோலுக்காக வந்த வேட்டைக்காரர்கள். இவர்கள் சிறு தீவுகளில் தங்கி, வடக்குக் கரையில் வாழ்ந்த பழங்குடிப் பெண்களைச் சில வேளைகளில் நாய், மாவு போன்ற பொருட்களுக்கு ஈடாகப் பெற்றும், பல வேளைகளில் வலிந்து கடத்தியும் சென்றனர். பெண்களை இழந்த கூட்டங்களில் குழந்தைப் பிறப்பு குறைந்தது. அதே பெண்களின் வழியாகத்தான் பின்னர் இம்மக்கள் தொடர்ந்து வாழ்ந்தனர்.

குடியேற்றம்

பிரெஞ்சுக்காரர் தீவைக் கைப்பற்றக்கூடும் என அஞ்சிய பிரித்தானியர், 1803 செப்டம்பரில் லெப்டினன்ட் ஜான் போவன் தலைமையில் ரிஸ்டன் கோவ் என்னும் இடத்தில் முதல் குடியேற்றத்தை அமைத்தனர். அடுத்த ஆண்டு ஹோபார்ட் நகரம் நிறுவப்பட்டது. தீவு பெரும்பாலும் கைதிகளை அனுப்பும் இடமாகவே பயன்பட்டது. 1853 வரை ஏறத்தாழ 75,000 கைதிகள் இங்குக் கொண்டுவரப்பட்டனர்.

1804 மே 3 ஆம் நாள், கங்காரு வேட்டையாடிக்கொண்டு ரிஸ்டன் கோவை நோக்கி வந்த ஒரு பெருங்கூட்டத்தின் மீது படைவீரர்கள் சுட்டனர். கூட்டத்தில் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். இறந்தோர் எண்ணிக்கை மூவர் என்றும் ஐம்பது வரை இருக்கலாம் என்றும் வெவ்வேறாகக் கூறப்பட்டுள்ளது. 1830 ஆம் ஆண்டில் நடந்த விசாரணையில் சாட்சியமளித்த முன்னாள் கைதி ஒருவர், இறந்தவர்களின் எலும்புகள் சில பீப்பாய்களில் அடைக்கப்பட்டுச் சிட்னிக்கு அனுப்பப்பட்டன என்றார். பெற்றோரை இழந்த ஒரு சிறுவன் பிடிக்கப்பட்டு, ஞானஸ்நானம் அளிக்கப்பட்டு, ராபர்ட் ஹோபார்ட் மே எனப் பெயரிடப்பட்டான். மே என்பது அவன் பிடிபட்ட மாதம்.

முதல் பதினைந்து ஆண்டுகள் குடியேறிகள் தொகை குறைவாகவே இருந்தது. 1817 இல் ஏறத்தாழ 2,000 ஆக இருந்த குடியேறிகள் 1830 இல் 23,000 ஐத் தாண்டினர். அதே காலத்தில் ஆடுகளின் எண்ணிக்கை பத்து இலட்சத்தை எட்டியது. ஹோபார்ட்டுக்கும் வடக்கே லான்செஸ்டனுக்கும் இடையே உள்ள புல்வெளிகள் முழுவதும் பங்கிடப்பட்டன. அந்நிலத்தில் வாழ்ந்தவர்களுடன் எவ்வித உடன்படிக்கையும் செய்யப்படவில்லை. ஆளுநராக இருந்த ஜார்ஜ் ஆர்தரே, தொடக்கத்தில் உடன்படிக்கை செய்யாதது பெருந்தவறு எனப் பின்னாளில் இலண்டனுக்கு எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது.

கறுப்புப் போர்

1820களின் நடுப்பகுதியிலிருந்து 1831 வரை நடந்த சண்டை கறுப்புப் போர் எனப்படுகிறது. பழங்குடியினர் சிறு குழுக்களாகப் பகலில் வந்து தனித்த குடிசைகளைத் தாக்கினர். ஆடு மேய்ப்போரை ஈட்டியால் குத்தி, மாவு, போர்வை, துப்பாக்கி ஆகியவற்றை எடுத்துச் சென்றனர். குடியேறிகள் இரவில் சென்று, குளிர்காயும் நெருப்பின் வெளிச்சத்தைக் கொண்டு முகாம்களைக் கண்டுபிடித்து உறங்குவோரைச் சுட்டனர். பகலில் ஒரு தரப்பும் இரவில் மறு தரப்பும் வேட்டையாடின என்று இதனைச் சுருக்கமாகக் கூறலாம்.

1828 பிப்ரவரியில் வடமேற்கு முனையான கேப் கிரிம்மில், வான் டீமன் நிலக் குழுமத்தின் ஆட்டு மேய்ப்பர்கள் பழங்குடியினரைச் சுட்டுக் கொன்றனர். முப்பது பேர் இறந்ததாகக் கூறப்படுகிறது. 1829 இல், பின்னாளில் மெல்பேர்ண் நகரம் உருவாகக் காரணமானவர்களில் ஒருவரான ஜான் பேட்மன், ஒரு முகாமைத் தாக்கியபின் காயமுற்று நடக்க முடியாதிருந்த இரண்டு கைதிகளைத் தாமே சுட நேர்ந்தது எனத் தமது அறிக்கையில் எழுதினார். அவர்மீது நடவடிக்கை எதுவும் எடுக்கப்படவில்லை.

1828 ஏப்ரலில் பழங்குடியினர் குடியேற்றப் பகுதிகளுக்குள் நுழையக்கூடாது என ஆர்தர் ஆணையிட்டார். தம் சொந்த நிலத்துக்குச் செல்ல அவர்கள் ஆளுநரிடம் கடவுச்சீட்டுப் பெறவேண்டும் என்பது அவ்வாணையின் ஒரு கூறு. அதே ஆண்டு நவம்பர் 1 ஆம் நாள் படைத்துறைச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அது மூன்றாண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்தது. 1830 இல் உயிரோடு பிடிக்கப்படும் ஒவ்வொரு பெரியவருக்கும் ஐந்து பவுண்டும் குழந்தைக்கு இரண்டு பவுண்டும் பரிசு அறிவிக்கப்பட்டது.

இக்காலத்தில் மரப்பலகைகளில் வண்ணப் படங்கள் வரைந்து காட்டில் தொங்கவிடும் முயற்சியும் நடந்தது. படத்தின் மேல் வரிசையில் வெள்ளையரும் கறுப்பரும் கைகோத்து நிற்பர். கீழ் வரிசைகளில், வெள்ளையரைக் கொன்ற கறுப்பர் தூக்கிலிடப்படுவதும், கறுப்பரைச் சுட்ட வெள்ளையர் அவ்வாறே தூக்கிலிடப்படுவதும் காட்டப்பட்டிருக்கும். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பது அதன் பொருள். நடைமுறையில், 1825, 1826 ஆம் ஆண்டுகளில் பழங்குடியினர் நால்வர் ஹோபார்ட்டில் தூக்கிலிடப்பட்டனர். தாஸ்மானியப் பழங்குடியினரைக் கொன்றதற்காகத் தூக்கிலிடப்பட்ட வெள்ளையர் ஒருவரும் இல்லர். இப்பலகைகளில் சில இன்று அருங்காட்சியகங்களில் உள்ளன.

1830 அக்டோபரில் கறுப்புக் கோடு என அழைக்கப்படும் படை நடவடிக்கை தொடங்கியது. படைவீரர், கைதிகள், குடியேறிகள் என ஏறத்தாழ 2,200 பேர் தீவின் குறுக்கே நீண்ட வரிசையாக நின்று, காட்டு விலங்குகளைக் கலைப்பது போல, பழங்குடியினரைத் தென்கிழக்கே உள்ள ஒரு மூவலந்தீவுக்குள் தள்ள முயன்றனர். பல வாரங்கள் நீடித்த இந்நடவடிக்கைக்கு ஏறத்தாழ 30,000 பவுண்டு செலவாயிற்று. பிடிபட்டவர் இருவர், கொல்லப்பட்டவர் இருவர். இது நகைப்புக்குரிய தோல்வியாக நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. எனினும் எஞ்சியிருந்தோர், தமக்கு எதிராக எவ்வளவு பேர் திரட்டப்படக்கூடும் என்பதை அப்போது நேரில் கண்டனர். அடுத்த ஆண்டு இறுதியில் ஆய்ஸ்டர் குடா மக்களின் தலைவரான டொங்கர்லொங்கெட்டர் சண்டையை நிறுத்த உடன்பட்டார். 1832 சனவரியில் அவருடன் ஹோபார்ட் நகருக்குள் நடந்து வந்தவர்கள் 26 பேர் மட்டுமே. ஒரே ஒரு குழந்தை அக்கூட்டத்தில் இருந்தது. பல ஆண்டுகளாக நகரத்தார் அஞ்சிய படை இவ்வளவுதான்.

இப்போரில் 200க்கும் மேற்பட்ட குடியேறிகள் கொல்லப்பட்டனர். பழங்குடியினரில் 600 முதல் 900 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது பல வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு.

ராபின்சனும் நாடு கடத்தலும்

எஞ்சியோரைத் துப்பாக்கியின்றி வெளியே கொண்டுவந்தவர் ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்சன் என்னும் கட்டடத் தொழிலாளர் ஆவார். சமயப் பற்று மிக்கவர். 1830 முதல் 1834 வரை தீவு முழுவதும் நடந்து சென்று பழங்குடியினரைச் சந்தித்தார். ட்ருகனினி, அவரது கணவர் வூரடி உள்ளிட்ட பழங்குடியினரே வழிகாட்டிகளாகவும் மொழிபெயர்ப்பாளர்களாகவும் உடன் சென்றனர். அவர்கள் இல்லாவிடில் ராபின்சன் பிழைத்திருக்க மாட்டார். ஒருமுறை ஆற்றைக் கடக்கும்போது அவரது உயிரைக் காத்தவர் ட்ருகனினியே.

ட்ருகனினி ஏன் உதவினார் என்பது பலராலும் கேட்கப்பட்ட வினா. அவர் தீவின் தெற்கே புரூனித் தீவில் ஏறத்தாழ 1812 இல் பிறந்தவர். தாய் வெள்ளையரால் கொல்லப்பட்டார். சகோதரி நீர்நாய் வேட்டைக்காரரால் கடத்தப்பட்டார். காட்டில் இருப்பதைவிட ராபின்சனுடன் செல்வதே எஞ்சியோர் உயிர் பிழைக்க ஒரே வழி என அவர் எண்ணியிருக்கலாம்.

ராபின்சன் தாம் சந்தித்தோருக்கு வாக்குறுதிகள் அளித்தார். சண்டையை நிறுத்தினால் அவரவர் நிலத்தில் வாழலாம் என 1831 இல் வடகிழக்குத் தலைவர் மன்னலார்கென்னாவிடம் கூறியதை அவரே தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். வாக்குறுதி காக்கப்படவில்லை. மன்னலார்கென்னா ஃபிளிண்டர்ஸ் தீவுக்கு அனுப்பப்பட்டு 1835 டிசம்பரில் அங்கு இறந்தார். ராபின்சனின் நாட்குறிப்புகள் 1966 இல் நூலாக வெளிவந்தன. இம்மக்களின் வாழ்க்கை, மொழி, பெயர்கள் பற்றி இன்று அறியப்படுவனவற்றில் பெரும்பகுதி, அவர்களை நாடு கடத்திய மனிதரின் இக்குறிப்புகளிலிருந்தே கிடைக்கிறது.

வைபலென்னா

பாஸ் நீரிணையில் உள்ள ஃபிளிண்டர்ஸ் தீவில் 1833 முதல் 1847 வரை இயங்கிய குடியிருப்பு வைபலென்னா எனப்பட்டது. மொத்தம் 200 பேர் வரை இங்குக் கொண்டுவரப்பட்டனர். காற்று வீசும் மேற்குக் கரையில், போதிய நல்ல நீரும் உணவும் இன்றி, ஆங்கில ஆடை உடுத்தி, செபம் கற்று, தோட்டம் பயிரிட்டு வாழ வேண்டியதாயிற்று. ராபின்சன் அவர்களுக்குப் புதுப் பெயர்களை இட்டார். ட்ருகனினி லாலா ரூக் ஆனார். நுரையீரல் நோயினால் மக்கள் தொடர்ந்து இறந்தனர். டொங்கர்லொங்கெட்டர் 1837 இல் இறந்தார்.

வைபலென்னாவைச் சாவின் இடமாக மட்டும் காண்பது முழுமையாகாது. எழுத்தறிந்த இளைஞர்களான தாமஸ் புரூன், வால்ட்டர் ஜார்ஜ் ஆர்தர் ஆகியோர் 1836, 1837 ஆம் ஆண்டுகளில் கையெழுத்துச் செய்தித்தாள் ஒன்றை எழுதினர். ராபின்சனின் மேற்பார்வையில் எழுதப்பட்டதால் அதில் சமய அறிவுரையே மிகுதி. இடையிடையே, எல்லோரும் இறந்துகொண்டிருக்கிறோம் என்னும் அச்சமும் வெளிப்படுகிறது. 1846 பிப்ரவரியில் வால்ட்டர் ஆர்தர் உள்ளிட்ட எட்டு ஆண்கள் விக்டோரியா அரசிக்கு மனு ஒன்றை அனுப்பினர். கொடுமையான மேற்பார்வையாளரான ஜெனரெட் என்பவரைத் திரும்ப அனுப்பக்கூடாது என்பது அவர்களின் கோரிக்கை. தாம் போரில் பிடிபட்ட கைதிகள் அல்லர், ஆளுநர் ஆர்தருடன் செய்துகொண்ட உடன்பாட்டின் பேரில் நிலத்தை விட்டுவந்த சுதந்திர மக்கள் என்பதை அதில் தெளிவாகக் கூறினர். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஓர் ஆட்சியாளருக்கு அனுப்பிய மனுக்களில் இதுவே மிகப் பழையவற்றுள் ஒன்று. மனுவைத் தொடர்ந்து விசாரணை நடந்தது. ஜெனரெட் நீக்கப்பட்டார், குடியிருப்பும் மூடப்பட்டது. 1847 அக்டோபரில் எஞ்சியிருந்த 47 பேர் ஹோபார்ட்டுக்குத் தெற்கே ஆய்ஸ்டர் கோவ் என்னும் பழைய கைதி நிலையத்துக்கு மாற்றப்பட்டனர்.

இடையில் 1839 இல் ராபின்சனுடன் பெருநிலத்துக்குச் சென்ற ட்ருகனினியும் வேறு நால்வரும் அங்கு குடியேறிகளுக்கு எதிராகக் கிளர்ந்தனர். அவர்களில் துன்னர்மின்னர்வைட், மௌல்பொய்ஹீனர் ஆகிய இருவரும் 1842 சனவரி 20 இல் மெல்பேர்ணில் தூக்கிலிடப்பட்டனர். அந்நகரில் நடந்த முதல் பொதுத் தூக்கு அதுவாகும். ட்ருகனினி விடுவிக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்.

எலும்புகளுக்கான போட்டி

ஆய்ஸ்டர் கோவில் மக்கள் குறையக் குறைய, அறிவியல் உலகில் அவர்களின் எலும்புகளுக்கு மதிப்புக் கூடியது. ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் மண்டையோடுகளைக் கேட்டு எழுதின. 1869 மார்ச் 3 இல் திமிங்கில வேட்டைக் கப்பலில் மாலுமியாகப் பணிபுரிந்த வில்லியம் லானி ஹோபார்ட்டில் இறந்தார். அவர் கடைசித் தாஸ்மானிய ஆண் எனக் கருதப்பட்டார். பிணவறையில் அவரது தலை அறுக்கப்பட்டு, மண்டையோடு அகற்றப்பட்டு, வேறொருவரின் மண்டையோடு உள்ளே வைத்துத் தைக்கப்பட்டது. இதனைச் செய்தவர் அறுவை மருத்துவர் வில்லியம் குரோதர் எனக் கருதப்பட்டது. அதனை அறிந்த தாஸ்மானிய ராயல் சங்கத்தின் தரப்பினர், எஞ்சிய உடல் குரோதருக்குக் கிடைக்காதபடி கைகளையும் பாதங்களையும் வெட்டி எடுத்தனர். புதைத்த பின் கல்லறையும் தோண்டப்பட்டது. குரோதர் மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஆயினும் 1878 இல் குடியேற்ற நாட்டின் முதலமைச்சரானார். ஹோபார்ட் நகர நடுவில் அவருக்குச் சிலையும் வைக்கப்பட்டது. அச்சிலையை அகற்ற 2022 இல் நகரவை தீர்மானித்தது. 2024 மே மாதத்தில், அகற்றுவதற்கு முன்பே யாரோ அதனைக் கணுக்காலில் அறுத்து வீழ்த்தினர்.

லானிக்கு நடந்ததை அறிந்திருந்த ட்ருகனினி, தம் உடலை வெட்டக்கூடாது என்று மன்றாடினார். 1876 மே 8 இல் இறந்தார். உடல் திருட்டுக்கு அஞ்சி, பழைய பெண்கள் சிறைச்சாலை வளாகத்தில் பாதுகாப்பாகப் புதைக்கப்பட்டார். இரண்டு ஆண்டுகளில் ராயல் சங்கம் அரசின் அனுமதியுடன் உடலைத் தோண்டி எடுத்தது. 1904 முதல் 1947 வரை அவரது எலும்புக்கூடு ஹோபார்ட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டியில் மக்கள் பார்வைக்கு நின்றது. 1976 இல், இறந்து நூறாண்டு நிறையும் தறுவாயில், பழங்குடிச் சமூகத்திடம் ஒப்படைக்கப்பட்டு எரியூட்டப்பட்டது. சாம்பல் அவர் பிறந்த தீவை ஒட்டிய கால்வாயில் தூவப்பட்டது. அவரது தலைமுடியும் தோலும் இலண்டனில் உள்ள அறுவை மருத்துவர் கல்லூரியின் சேகரிப்பில் இருந்தது பின்னர் தெரியவந்தது. அவை 2002 இல் திரும்பி வந்தன.

"கடைசித் தாஸ்மானியர்" என்னும் கருத்து

ஜேம்ஸ் போன்விக் எழுதிய நூல் ஒன்று 1870 ஆம் ஆண்டிலேயே, ட்ருகனினி உயிரோடிருக்கும்போதே, கடைசித் தாஸ்மானியர்கள் என்னும் தலைப்பில் வெளிவந்தது. 1898 இல் எச். ஜி. வெல்ஸ் தமது செவ்வாய்வாசிகள் பற்றிய புதினத்தின் தொடக்கத்தில், ஐரோப்பியரால் அழிக்கப்பட்டோருக்கு எடுத்துக்காட்டாகத் தாஸ்மானியரைக் குறிப்பிட்டார். வலிமை குறைந்த இனங்கள் மறைவது இயற்கை நியதி என்ற அக்கால எண்ணத்துக்கு இது வசதியான சான்றாக அமைந்தது. இயற்கை நியதி என்றால் குற்றவாளி என்று எவரும் இல்லை.

இக்கருத்தின் அடிப்படை "கலப்பற்ற இரத்தம்" என்னும் அளவுகோல் ஆகும். தாயோ பாட்டியோ பழங்குடியாக இருந்தும், தந்தை வெள்ளையர் என்றால் அவர் தாஸ்மானியர் அல்லர் எனக் கொள்ளப்பட்டது. இவ்வளவுகோலைப் பிற மக்களுக்கு எவரும் பயன்படுத்துவதில்லை. தாய் ஸ்காட்லாந்தையும் தந்தை இங்கிலாந்தையும் சேர்ந்தவராயின் பிள்ளையினால் ஸ்காட்லாந்து மக்கள் அழிந்துவிட்டதாகக் கூறுவதில்லை.

அளவுகோலை ஏற்றுக்கொண்டாலும் கூற்று தவறாகவே இருந்தது. நீர்நாய் வேட்டைக்காரரால் பெருநிலத்தின் தெற்கே உள்ள கங்காரு தீவுக்குக் கொண்டு செல்லப்பட்ட தாஸ்மானியப் பெண்கள் சிலர் ட்ருகனினிக்குப் பின்னும் வாழ்ந்ததாகக் கருதப்படுகிறது. இன்னொருவர் ஃபேனி காக்ரேன் சுமித். இவர் 1834 இல் வைபலென்னாவில் பிறந்தவர். ஆங்கிலேயர் ஒருவரை மணந்து பதினொரு பிள்ளைகளைப் பெற்றார். அவரைப் பழங்குடிப் பெண்ணாக ஏற்று நாடாளுமன்றம் 1880களில் நிலமும் உதவித் தொகையும் வழங்கியது. அறிஞர் சிலர் அவரது முடியையும் முகத்தையும் ஆராய்ந்து அவர் கலப்பினத்தவர் என வாதிட்டனர். அவர் 1899, 1903 ஆம் ஆண்டுகளில் மெழுகு உருளைகளில் தம் மொழிப் பாடல்களைப் பாடிப் பதிவு செய்தார். தாஸ்மானிய மொழியில் ஒருவர் பாடிக் கேட்கக்கூடிய அக்காலப் பதிவு இது ஒன்றே. 1905 இல் இறந்தார். இன்று தாஸ்மானியாவில் வாழும் பலர் அவரது வழித்தோன்றல்கள்.

தீவுச் சமூகம்

பெரும்பாலான பழங்குடிக் குடும்பங்கள் பாஸ் நீரிணையின் ஃபர்னோ தீவுக் கூட்டத்தில், குறிப்பாகக் கேப் பாரன் தீவில், தொடர்ந்து வாழ்ந்தன. மன்னலார்கென்னாவின் மகள்கள் நீர்நாய் வேட்டைக்காரருடன் வாழ்ந்தவர்கள். அவர்களின் பிள்ளைகளே பல குடும்பங்களின் முன்னோர் ஆவர். இச்சமூகத்தின் ஆண்டு முழுவதற்குமான வாழ்வு மட்டன்பேர்ட் என அவர்கள் அழைக்கும் கடற்பறவையைச் சுற்றி அமைந்தது. வட பசிபிக் வரை சென்று திரும்பும் இப்பறவை தீவுகளில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். இலையுதிர் காலத்தில் குடும்பங்கள் குஞ்சுகளைப் பிடித்து, எண்ணெய், இறைச்சி, இறகு ஆகியவற்றை விற்றனர். பெண்கள் மாரினர் எனப்படும் சிறு வண்ணச் சிப்பிகளைக் கோத்து மாலை செய்தனர். இக்கலை தாயிடமிருந்து மகளுக்கு இடையறாது வந்துள்ளது.

அரசு இவர்களைப் பழங்குடியினர் என ஏற்கவில்லை. ஆனால் 1912 இல் இவர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றிக் கேப் பாரன் தீவை ஒதுக்கிடமாக்கியது. இல்லாத ஒரு மக்களுக்கு ஒதுக்கிடம் தேவைப்பட்டது எவ்வாறு என்ற முரண்பாட்டை அக்காலத்தில் எவரும் விளக்கவில்லை. 1951 இல் சட்டம் காலாவதியானது. குழந்தைகள் பலர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வெள்ளையர் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். இவ்வாறு பிரிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்க 2006 இல் தாஸ்மானியா சட்டம் இயற்றியது. ஆஸ்திரேலிய மாநிலங்களில் இதுவே முதலாவது.

உரிமைக் கோரிக்கைகள்

1970களில் மைக்கேல் மான்செல் உள்ளிட்ட புதிய தலைமுறையினர் வெளிப்படையாக உரிமை கோரத் தொடங்கினர். 1978 இல் கடைசித் தாஸ்மானியர் என்னும் ஆவணப்படம் வெளிவந்தபோது, இனவழிப்பைக் கண்டித்து எடுக்கப்பட்ட அப்படத்தையே பழங்குடியினர் எதிர்த்தனர். தம் முன்னோர் கொல்லப்பட்டதை அது சரியாகக் கூறினாலும், தாம் இல்லை என்று அது கூறியதே எதிர்ப்புக்குக் காரணம். இனவழிப்பு என்னும் சொல்லை உருவாக்கிய ரபேல் லெம்கின் தாஸ்மானியாவைப் பற்றியும் எழுதியிருந்தார். அச்சொல் பொருந்துமா என்பது வரலாற்றாசிரியர்களிடையே விவாதத்தில் உள்ளது. 2002 இல் கீத் விண்ட்ஷட்டில், குடியேறிகளால் கொல்லப்பட்டோர் ஏறத்தாழ 120 பேர் மட்டுமே என வாதிட்டார். லிண்டல் ரயன், ஹென்றி ரெனால்ட்ஸ் முதலியோர் அதனை மறுத்தனர். எழுத்தில் பதிவான சாவுகளை மட்டும் கணக்கிடுவது, கொன்றவர்களே குறிப்பு எழுதிய ஒரு போரில், போதிய முறையன்று என்பது மறுப்பின் சாரம்.

1983 இல் ஃபிராங்கிளின் ஆற்றில் அணை கட்டும் திட்டம் உயர்நீதிமன்றத் தீர்ப்பால் நின்றது. அணை கட்டப்பட்டிருந்தால் குட்டிக்கினா குகை நீரில் மூழ்கியிருக்கும். 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரிஸ்டன் கோவ், ஆய்ஸ்டர் கோவ், குட்டிக்கினா உள்ளிட்ட 12 இடங்கள் பழங்குடியினருக்கு மீண்டன. 1999 இல் வைபலென்னாவும், 2005 இல் கேப் பாரன் தீவின் பெரும்பகுதியும் சேர்ந்தன. 2021 பிப்ரவரியில் தாஸ்மானிய ராயல் சங்கமும் அருங்காட்சியகமும் எலும்புகளைத் திரட்டியதற்காக முறைப்படி மன்னிப்புக் கோரின.

2021 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தாஸ்மானியாவில் ஏறத்தாழ 30,000 பேர் தம்மைப் பழங்குடியினர் எனப் பதிவு செய்தனர். இவ்வெண்ணிக்கையும் சர்ச்சைக்குரியதே. 2016 இல் அரசு அடையாளத்துக்கான விதிகளைத் தளர்த்தியதை அடுத்து, வம்சாவளிச் சான்று இல்லாதோரும் சேர்கின்றனர் எனத் தீவுக் குடும்பங்கள் பல குறை கூறுகின்றன. இருப்பதை மெய்ப்பிக்க வேண்டியிருந்த சமூகத்தில், யார் உறுப்பினர் என்னும் வினா இன்று இவ்வாறு எழுகிறது.

மொழி

தீவில் எட்டு முதல் பதினாறு வரையான மொழிகள் பேசப்பட்டன என மதிப்பிடப்படுகிறது. எதுவும் முழுமையாகப் பதிவு செய்யப்படவில்லை. கப்பற் பயணிகளும் ராபின்சனும் கேட்டபடி எழுதிய சொற்பட்டியல்கள், ஃபேனி சுமித்தின் பாடல்கள், குடும்பங்களில் எஞ்சிய சொற்கள் ஆகியவற்றைக் கொண்டு 1990களிலிருந்து பலவா கனி என்னும் மீட்டமைக்கப்பட்ட மொழி உருவாக்கப்பட்டு வருகிறது. ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என ஒவ்வொருவரும் தத்தம் காதுக்கேற்ப எழுதிய ஒரே சொல்லின் பல எழுத்துக்கூட்டல்களை ஒப்பிட்டு மூல ஒலியை அறிவது இப்பணியின் பெரும்பகுதி. இம்மொழியை எழுதும்போது ஆங்கிலப் பேரெழுத்துகள் பயன்படுத்தப்படுவதில்லை.

2013 முதல் தாஸ்மானிய இடங்கள் சிலவற்றுக்கு இரட்டைப் பெயர்கள் அரசால் ஏற்கப்பட்டுள்ளன. ஹோபார்ட் நகருக்கு மேலே நிற்கும் வெலிங்டன் மலை அவ்வாண்டு முதல் குனன்யி என்னும் பெயரையும் கொண்டுள்ளது. வடமேற்கின் மழைக்காட்டுப் பகுதி தக்கைனா என வழங்கப்படுகிறது. ஹோபார்ட் நகரைப் பலவா கனியில் நிபலூனா என்பர்.